வேலூரிலிருந்து நேப்பிள்ஸுக்கு நான்கு இரவுகள்: ஒரு பயண ஏற்பாட்டுச் சேவையின் மதிப்பீடு

விஜயதசமி முடிந்து கொலுப் பொம்மைகளைத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்த மூன்றாம் நாள், நானும் என் மனைவியும் என் தாயாரும் தென் இத்தாலியின் பழைய துறைமுக நகரமான நேப்பிள்ஸுக்குப் புறப்பட்டோம். அங்கே நான்கு இரவுகள் தங்கினோம். விசா ஆவணங்கள், விமானச் சீட்டு, தங்குமிடம், நாள்வாரியான திட்டம் ஆகிய நான்கையும் வேலூரில் உள்ள ஒரு சிறிய பயண முகவர் அலுவலகம் ஏற்பாடு செய்து தந்தது. நிறைகளோடு குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதாலும், இதே முறையில் வேலை செய்யும் அலுவலகங்கள் நம் பகுதியில் பல இருப்பதாலும், அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைந்த விடுமுறையில், வயதானவர்களை உடன் அழைத்துக்கொண்டு, முதல் முறையாக ஐரோப்பா செல்ல நினைக்கும் குடும்பங்கள் இத்தகைய சேவையை எதற்கு நம்பலாம், எதைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

நேப்பிள்ஸை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு என் தொழில் ஒரு காரணம். இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் இத்தாலிய இயந்திரங்களின் பெயரைக் கேட்காமல் ஒரு நாள் கழியாது. நேப்பிள்ஸுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கும் சொலோஃப்ரா என்ற சிற்றூர், நம் ஆம்பூரையும் பேரணாம்பட்டையும் போலவே, ஆட்டுத்தோல் பதனிடுவதற்குப் பெயர் பெற்றது. நேப்பிள்ஸ் நகரமோ தோல் கையுறை தைப்பதில் பல தலைமுறைப் பழக்கம் உள்ளது. அந்தப் பெயர்களைக் காதால் கேட்டுக் கேட்டே ஊரைப் பார்க்கும் ஆசை வளர்ந்தது. என் தாயாருக்கு வயது அறுபத்தாறு. குடியாத்தத்தில் இளமை முழுவதும் கைலித் தறியில் உட்கார்ந்தவர். சைவ உணவு மட்டுமே உண்பவர். இடது முழங்காலில் வலி உள்ளவர். இந்த மூன்று செய்திகளையும் முதல் நாளே அலுவலகத்தில் சொல்லிவிட்டோம். பின்னால் நடந்த நல்லதும் கெட்டதும் இந்த மூன்றையும் அவர்கள் எந்த அளவுக்கு நினைவில் வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தே அமைந்தன.

முதலில் விசா. இதில் அவர்களுடைய வேலை மிகச் சிறப்பாக இருந்தது. இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ கட்டணம். குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்னதாகவாவது விண்ணப்பித்துவிட வேண்டும். நாங்கள் ஜூலையில் தொடங்கினோம். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிப் படிவங்கள், ஆலையிலிருந்து விடுப்புக் கடிதம், தங்குமிட முன்பதிவு, திரும்பும் விமானச் சீட்டு என்று ஒவ்வொன்றையும் எந்த வரிசையில் அடுக்க வேண்டும், எந்தப் பக்கத்தில் கையெழுத்து வேண்டும் என்று அங்கே பணிபுரியும் இளம்பெண் ஒருவர் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். தாயாருக்குத் தனி வருமானம் இல்லாததால் அவருடைய செலவை நான் ஏற்பதாக ஒரு கடிதமும், உறவைக் காட்டும் ஆவணமும் வேண்டும் என்று அவரே நினைவூட்டினார்.

சென்னையில் விரல் ரேகை பதிவு செய்யும் நாளில் நாங்கள் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. ஆண்டுக்கணக்கில் நூலையும் நாடாவையும் பிடித்த விரல்களில் ரேகை தேய்ந்து போயிருந்ததால், இயந்திரம் தாயாரின் வலது கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் மூன்று முறை ஏற்க மறுத்தது. இப்படி நேரலாம் என்று அந்தப் பெண் முன்கூட்டியே யோசித்து, ஒரு வாரமாகத் தினமும் இரவில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லியிருந்தார். அன்று காலையிலும் தொலைபேசியில் அழைத்து, "பதட்டப்படாதீங்கம்மா, விரலை நல்லாத் தொடச்சிட்டு மெதுவா அழுத்துங்க" என்று சொன்னார். நான்காம் முறை பதிவானது. பதினெட்டாம் நாள் மூன்று பாஸ்போர்ட்டுகளும் விசாவோடு வந்தன. இந்த ஒரு வேலைக்காக மட்டுமே அவர்களிடம் கொடுத்த சேவைக் கட்டணம் தகும் என்று உறுதியாகச் சொல்வேன்.

நாள்வாரியான திட்டத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. முதலில் வந்த திட்டத்தில் திங்கட்கிழமை பழைய ரோமானிய நகரமான பொம்பெய்யும் வெசூவியஸ் எரிமலையும், செவ்வாய்க்கிழமை காப்ரி தீவு, புதன்கிழமை அமால்ஃபி கடற்கரை, வியாழன் ஊர் திரும்பும் வழியில் ரோமில் கொலோசியம் என்று எழுதியிருந்தது. நான்கு இரவு தங்கப்போகும் நேப்பிள்ஸுக்கு "மாலையில் ஓய்வாக நகர உலா" என்ற ஒரு வரி மட்டுமே கிடைத்திருந்தது. உரிமையாளரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, "இவ்வளவு செலவு பண்ணிப் போறீங்க சார், நாலு இடம் பார்த்தாத்தானே திருப்தி?" என்றார். அவர் மனதாரச் சொன்னார். அவரிடம் வரும் பெரும்பாலோர் அதைத்தான் கேட்கிறார்கள் என்பதும் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தத் தாளில் இருந்த பயண நேரங்களைக் கூட்டிப் பார்த்தபோது, விழித்திருக்கும் நேரத்தில் சரிபாதி இரயிலிலும் படகிலும் பேருந்திலும் கழியும் என்று தெரிந்தது. முழங்கால் வலி உள்ள ஒருவரை நாள்தோறும் படகுத்துறையில் நிற்க வைத்துவிட்டு, தங்கியிருக்கும் ஊரை இரவில் மட்டும் பார்ப்பது என்ன பயணம்?

நேப்பிள்ஸ் அப்படிக் கடந்துபோகக் கூடிய ஊரும் அன்று. கிரேக்கர்கள் கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு வந்து குடியேறி, "புது நகரம்" என்று பொருள்படும்படி நெயாபோலிஸ் என்று பெயரிட்ட ஊர் அது. இரயில் நிலையப் பலகைகளில் இன்று காணும் நாப்போலி என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். பயணச்சீட்டில் ஒரு பெயரும் பலகையில் வேறொரு பெயரும் இருக்கிறதே என்று யாரும் குழம்ப வேண்டாம். நம் ஊரில் கோயிலைச் சுற்றிய மாட வீதிகள், வீடுகள் எத்தனை முறை மாறினாலும், அப்படியே நிற்பது போல, அந்தக் கிரேக்கர்கள் போட்ட நேர்கோட்டுத் தெருக்களின் மேல்தான் இன்றும் பழைய நகரம் நிற்கிறது. 1995ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்தப் பழைய நகரம் முழுவதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நான் இதையெல்லாம் சொல்லி, காப்ரியையும் அமால்ஃபியையும் ரோமையும் வெசூவியஸ் மலையேற்றத்தையும் நீக்கச் சொன்னேன். திருத்திய திட்டம் வந்தது: திங்கள் பழைய நகரம், செவ்வாய் தொல்லியல் அருங்காட்சியகமும் சான்செவேரோ சிற்றாலயமும், புதன் பொம்பெய், வியாழன் காலை புறப்பாடு. பார்த்தவுடன் நிறைவாக இருந்ததால் ஒப்புக்கொண்டோம். அதிலிருந்த பிழையை அவர்களும் கவனிக்கவில்லை, நானும் சரிபார்க்கவில்லை.

சென்னையிலிருந்து வளைகுடா வழியாக ரோம் சென்று, அங்கிருந்து அதிவேக இரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் நேப்பிள்ஸ் அடையும்படி போட்ட வழி நல்ல வழி. விமானம் மாறுவதற்குப் போதிய இடைவெளி விட்டிருந்தார்கள். தாயாருக்குச் சக்கர நாற்காலி உதவியும் கேட்டு வைத்திருந்தார்கள்.

தங்குமிடம் அவர்கள் செய்த தேர்வுகளிலேயே சிறந்தது. நிலையத்துக்கு அருகில் பெரிய ஓட்டலில் போடாமல், பழைய நகரத்தின் நடுவே, ஸ்பக்கானாப்போலி என்று மக்கள் அழைக்கும் நீண்ட குறுகிய தெருவிலிருந்து இரண்டு நிமிட நடையில், ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில் சமையலறையோடு கூடிய இரண்டு அறைகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் மாடி என்றதும் நான் தயங்கியபோது, மின்தூக்கி இருப்பதை வீட்டுக்காரரிடம் எழுதிக் கேட்டு உறுதி செய்துவிட்டதாகச் சொன்னார்கள். உண்மைதான், மின்தூக்கி இருந்தது. ஆனால் அது காசு போட்டால்தான் நகரும். மரக்கதவை அடைத்ததும் உள்ளே சுவரில் ஒரு சிறிய இரும்புப் பெட்டி. அதன் வாயில் 10 சென்ட் நாணயத்தை இட்டால், உள்ளே அது உருண்டு விழும் ஓசை கேட்ட பிறகு, மின்தூக்கி முழுவதும் ஒருமுறை குலுங்கி மேலே கிளம்பும். அந்த ஊரின் பழைய கட்டடங்கள் பலவற்றில் பராமரிப்புச் செலவுக்காக இப்படி வைத்திருந்த வழக்கம் உண்டு. வீட்டுக்கார அம்மாள் முதல் நாளே ஒரு கண்ணாடிக் குவளை நிறையச் சில்லறை வைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து என் தாயார் அந்தக் காசுகளைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு, தானே எடுத்துப் போட்டு, எங்களை மேலே அழைத்துப் போனார். சமையலறை இருந்ததால் காலையில் ரவை உப்புமாவும் இரவில் ரசம் சாதமும் முடிந்தன. இரவு தங்குவதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று நகராட்சிக்கு ஒரு சிறு வரி உண்டு; அதைத் தங்குமிடத்திலேயே தனியாகக் கட்ட வேண்டும் என்பதை மட்டும் அலுவலகம் சொல்ல மறந்திருந்தது.

திங்கட்கிழமையை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. சாந்தா கியாரா மடாலயத்தின் உள்முற்றத்தில், எலுமிச்சையும் கொடியும் திராட்சைக் குலையும் தீட்டிய வண்ண ஓடுகள் பதித்த தூண்களுக்கும் திண்ணைகளுக்கும் இடையே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெளித்தெருவின் இரைச்சல் ஒரு துளியும் உள்ளே வரவில்லை. பிறகு சான் கிரிகோரியோ அர்மேனோ தெரு. கிறிஸ்துமஸ் குடிலுக்கான மண் பொம்மைகளை ஆண்டு முழுவதும் செய்து விற்கும் கைவினைஞர்களின் தெரு அது. இயேசு பிறந்த கொட்டகையோடு அவர்கள் நிறுத்துவதில்லை. ரொட்டி சுடுகிறவர், மீன் விற்கிறவர், துணி துவைக்கிற பெண், கழுதையோடு வரும் விறகுக்காரர், தண்ணீர் ஓட ஓடச் சுழலும் ஆலைச் சக்கரம் என்று ஒரு முழு ஊரையே கைப்பிடி அளவில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் முன்புதான் செட்டியார் பொம்மையையும் காய்கறிக் கடையையும் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்த என் தாயார், ஒரு கடைப்படியில் நின்றுவிட்டார். கத்தரிக்காய்க் கூடை ஒன்று, நெல்லிக்காய் அளவே உள்ளது. ஒவ்வொரு காயிலும் காம்புப் பச்சை தனியே தீட்டப்பட்டிருந்தது. அதை வாங்கி வந்திருக்கிறோம். அடுத்த கொலுவில் அது இலவம்பாடி முள் கத்தரிக்காயாக உட்காரும்.

அன்று பிற்பகலுக்கு நிலத்தடி நகரச் சுற்றுலாவுக்கு மூவருக்கும் சீட்டு வாங்கி வைத்திருந்தார்கள். கிரேக்கர்கள் கட்டடக் கல்லுக்காக வெட்டிய குழிகள், ரோமானியர் காலத்தில் நீர்த்தேக்கங்களாகவும் கால்வாய்களாகவும் மாறி, நூற்றாண்டுகள் கணக்கில் நகருக்குக் குடிநீர் தந்தன. 1884ஆம் ஆண்டு காலரா பரவிய பிறகு, அடுத்த ஆண்டில் செரினோவிலிருந்து புதிய குடிநீர்க் குழாய் வந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குத் தப்ப மக்கள் இங்கேதான் பதுங்கினார்கள். பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்தில், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் நுழையக்கூடிய சந்துகள் வழியாக நடக்க வேண்டும். முழங்கால் வலி என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தோம். நுழைவாயிலில் படிகளைக் கண்டதும் தாயாரும் மனைவியும் மேலேயே தங்கிவிட்டார்கள். இரண்டு சீட்டுகள் வீணாயின.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் செந்நிறச் சுவருக்கு முன்னால் நின்றோம். பெரிய கதவு மூடியிருந்தது. அருங்காட்சியகத்துக்கு வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அங்கிருந்து பத்து நிமிட நடையில் உள்ள சான்செவேரோ சிற்றாலயத்துக்கும் அதே செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை. திட்டத் தாளில் இரண்டையும் அதே நாளில் போட்டு, "சீட்டு நேரில் வாங்கிக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தார்கள். நம் ஊரில் அப்போது பகல் ஒன்றரை மணி. அலுவலகத்தை அழைத்தோம். அந்தப் பெண் சாக்குப்போக்கு எதுவும் சொல்லாமல், "தப்பு எங்க மேலதான் சார், பத்து நிமிஷம் கொடுங்க" என்றார். சொன்னபடி திரும்ப அழைத்தார். சான்செவேரோவுக்கு முன்பதிவு இல்லாமல் போக முடியாது. புதன், வியாழன் இரு நாள் சீட்டும் தீர்ந்துவிட்டன. அருங்காட்சியகத்தைப் புதன் பிற்பகலுக்கு மாற்றலாம், அன்று இரவு ஏழரை வரை திறந்திருக்கும் என்றார்.

சான்செவேரோவில் இருப்பது, கல்லறையில் கிடத்தப்பட்ட கிறிஸ்துவின் உடல் மேல் மெல்லிய துணி படர்ந்திருப்பது போல ஒரே பளிங்குக் கல்லில் செதுக்கிய சிலை. ஜுசெப்பே சான்மார்த்தினோ என்ற நேப்பிள்ஸ் சிற்பி 1753ஆம் ஆண்டு செய்தது. துணிக்கு அடியில் நெற்றி நரம்பு புடைத்திருப்பது தெரியும்படி அவர் கல்லை இழைத்திருக்கிறார். அந்தத் துணி மந்திரத்தால் கல்லானது என்று ஊரார் நெடுங்காலம் நம்பினார்கள். தோலை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே சீவி, அதன் மடிப்பு எப்படி விழுகிறது என்று பார்ப்பதே என் தொழில் என்பதால், இந்தப் பயணத்தில் வேறு எதைக் காட்டிலும் அதைப் பார்க்கவே நான் ஆசைப்பட்டேன். பார்க்காமலேயே திரும்பினேன். அலுவலகம் தவறை ஒப்புக்கொண்டதையும், ஊர் திரும்பியதும் வீணான சீட்டுகளுக்கான பணத்தைக் கேட்காமலேயே திருப்பித் தந்ததையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். ஆனாலும் ஒரு நிமிடம் இணையத்தில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விடுமுறை நாள் அது. திட்டம் போட்டுத் தருவதற்கென்று பணம் வாங்கும் ஒருவர் முதலில் பார்க்க வேண்டியதும் அதுவே.

அன்றைய நாள் முழுவதும் வீணாகாமல் காப்பாற்றியது மொந்தேசாந்தோவிலிருந்து மேலேறும் கம்பிவட இரயில். நகருக்குள் இப்படி நான்கு தடங்கள் இருக்கின்றன. படி ஏற முடியாதவர்களுக்கு அவை பெரிய உதவி. வோமேரோ குன்றின் மேல் சாந்தெல்மோ கோட்டையின் மதிலில் நின்றால், கீழே ஊர் முழுவதும் ஓடும் கல்லுமாக விரிந்திருக்க, ஸ்பக்கானாப்போலி அதன் நடுவே கத்தியால் கீறியது போல ஒரே கோடாக ஓடுவது தெரிகிறது. விரிகுடாவுக்கு அப்பால் 1944ஆம் ஆண்டு கடைசியாகச் சீறிய வெசூவியஸ் நிற்கிறது. வேலூர்க் கோட்டை மதிலிலிருந்து அகழியைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, உயரத்தில் நின்று கடலைக் காக்கும் இந்தக் கோட்டை வேறு விதமான அழகாக இருந்தது. திட்டத்தில் இல்லாத இந்த இடம்தான் தாயாருக்கு அதிகம் பிடித்தது. அலுவலகம் இதை முதலிலேயே போட்டிருக்கலாம்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் வீடுகளில் பலர் இதற்காகவே பயணத்தைத் தவிர்க்கிறார்கள். அலுவலகம் கொடுத்த தாளில் இந்திய உணவகங்களின் பட்டியல் ஒன்று இருந்தது; எங்களுக்கு அது தேவைப்படவே இல்லை. பீட்சா பிறந்த ஊர் அது. அங்கே பீட்சா சுடுகிறவர்களின் கலையை யுனெஸ்கோ 2017ஆம் ஆண்டு தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மரினாரா என்ற வகையில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டுமே உண்டு; பாலாடைக்கட்டிகூட இல்லை. ஓரம் உப்பி, நடுப்பகுதி மெலிந்து, மிகச் சூடான விறகடுப்பில் ஒன்று ஒன்றரை நிமிடத்தில் வெந்து வரும் அதைத் தாயார் கையால் பிய்த்து விரும்பிச் சாப்பிட்டார். கத்தரிக்காயை அடுக்கி வேகவைக்கும் பார்மிஜானா, பயறு சேர்த்த பாஸ்தா, கசப்பான ஃப்ரியாரியெல்லி கீரை வதக்கல் ஆகியவையும் எளிதில் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை இனிப்பு, நொறுக்குத் தீனிக் கடைகளில் இருக்கின்றன. முறுக்கைப் போல வளையமாகச் சுற்றி, மிளகும் வாதுமையும் பதித்த தரால்லி என்ற தின்பண்டத்தை எல்லாக் கடை வாசலிலும் குவித்து வைத்திருப்பார்கள். கையில் எடுத்தால் நம் வெண்ணெய் முறுக்கைப் போலவே நொறுங்கும். மிளகு மணம் ஆளை இழுக்கும். அந்த நொறுங்கும் தன்மையைத் தருவது பன்றிக் கொழுப்பு. ஆயிரம் மடிப்புகளோடு சங்கு வடிவில் இருக்கும் ஸ்ஃபொல்யத்தெல்லா என்ற புகழ்பெற்ற இனிப்பிலும் மரபாக அதே கொழுப்பைத் தடவித்தான் மாவை இழுக்கிறார்கள். என் மனைவி கடைக்காரரிடம் கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டிக் கேட்ட பிறகே இது தெரிந்தது. அதற்குள் தாயார் ஒரு தரால்லியை வாய்க்கு அருகே கொண்டுபோயிருந்தார். சைவம் என்றும், பன்றி இறைச்சி உண்ணாதவர்கள் என்றும் சொல்லும் வாடிக்கையாளர்களுக்கு, அதிலும் மேல்விஷாரமும் வாணியம்பாடியும் உள்ள நம் பகுதியில், இதை எழுதிக் கொடுப்பது ஒரு பயண அலுவலகத்தின் கடமை. உணவகப் பட்டியலுக்குப் பதிலாக இந்த இரண்டு வரி இருந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை பொம்பெய் ஏற்பாட்டில் அவர்கள் காட்டிய கவனத்தை மனதாரப் பாராட்டுகிறேன். நாள் ஒன்றுக்கு 20,000 பேர் மட்டுமே என்ற வரம்பு 2024ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சீட்டில் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிழையின்றிப் பதிந்து வாங்கியிருந்தார்கள். பெரும்பாலோர் இறங்கும் நிலையத்துக்கு எதிரே உள்ள வாயில் செங்குத்தாக ஏறுவதால், வட்டரங்கத்துக்கு அருகில் உள்ள மற்றொரு வாயிலில் நுழையச் சொன்னார்கள். படிகள் இல்லாமல் சமப்படுத்திய மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதை ஒன்று அங்கிருந்து தொடங்குகிறது என்று வரைபடத்தில் சிவப்பு மையால் கோடிட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கோடு இல்லையென்றால் தாயார் பொம்பெய்யைப் பார்த்திருக்க முடியாது.

கி.பி. 79ஆம் ஆண்டு வெசூவியஸின் சாம்பலில் புதைந்து, 1748ஆம் ஆண்டு தோண்டத் தொடங்கிய அந்த நகரத்தின் மூன்றில் ஒரு பகுதி இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அப்பொந்தான்ஸா என்ற பெருந்தெருவின் இருபுறமும் கடைகள். சூடான உணவு விற்ற ஒரு கடையின் கல்மேடையில் வாயகன்ற சாடிகள் கழுத்துவரை பதித்திருந்தன. மேசையில் அண்டாக்களை வரிசையாக இறக்கி வைத்த நம் பிரியாணிக் கடையைப் போலவே இருந்தது. தெருக்கல்லில் வண்டிச் சக்கரம் தேய்த்த தடங்கள் விரற்கடை ஆழத்துக்கு இறங்கியிருந்தன. தாயார் குனிந்து அந்தத் தடத்தில் கைவைத்துப் பார்த்தார்.

அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் ஓய்வெடுத்த பின் அருங்காட்சியகம் சென்றோம். காலையில் பார்த்த அந்தப் பொம்பெய்ப் பெருந்தெருவை ஒட்டிய ஒரு வீட்டில் 1938ஆம் ஆண்டு கிடைத்த இந்தியத் தந்தச் சிலை அங்கே இருக்கிறது. இரகசிய அறை என்று பெயர் பெற்ற பகுதியில் வைத்திருக்கிறார்கள். அந்த அறையில் உள்ள மற்றப் பொருள்கள் பல, பொம்பெய் வீடுகளிலிருந்து எடுத்த சிற்றின்ப ஓவியங்களும் சிலைகளும் என்பதால், குடும்பமாகச் செல்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு செல்வது நல்லது. நாங்கள் தாயாரிடம் சொல்லிவிட்டு, நேரே அந்தக் கண்ணாடிப் பேழைக்கு அழைத்துச் சென்றோம். ஒரு சாணைவிடச் சற்றே உயரம். பின்னல் முதுகில் தொங்க, கையிலும் காலிலும் அடுக்கடுக்காக வளையும் தண்டையும் அணிந்து, இருபுறமும் இரண்டு சிறிய பணிப்பெண்கள் நிற்க, ஒரு பெண். முதலில் இலட்சுமி என்று கருதினார்கள். யட்சியாக இருக்கலாம் என்று பின்னர் வந்த அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். தலையிலிருந்து அடிவரை துளை இருப்பதால் ஏதோ ஓர் அறைகலனின் காலாகவோ கண்ணாடியின் கைப்பிடியாகவோ இருந்திருக்கலாம். என் தாயார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம கோட்டைக் கோயில் மண்டபத்துத் தூண்ல நிக்கறவ மாதிரியே இருக்கா பா" என்றார். காலையில் சக்கரத் தடத்தில் கைவைத்தவர் மாலையில் அந்த ஊருக்கு நம் நாட்டிலிருந்து போன பெண்ணைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை போயிருந்தால், இடத்தைப் பார்க்கும் முன்பே பொருளைப் பார்த்திருப்போம். பொம்பெய்யும் அருங்காட்சியகமும் போகிறவர்கள் இந்த வரிசையிலேயே போவது நல்லது. இடையில் ஓய்வுக்கு இடம் விட்டு, முடிந்தால் அடுத்தடுத்த நாளில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு நாள் கிடைத்திருந்தால் காப்ரிக்குப் போகாமல், நகர இரயிலிலேயே எட்டக்கூடிய பொஸ்ஸுவோலிக்குப் போயிருப்பேன். புத்தெயோலி என்ற பெயரில் ரோமானியர்களின் பெருந்துறைமுகமாக இருந்தது அது. எகிப்து வழியாக வந்த கீழை நாட்டுச் சரக்குகள் இத்தாலியில் இறங்கிய துறை. பழைய சேரர் துறைமுகமான முசிறியில் மூட்டை கட்டிய மிளகின் வழி அங்கே முடிந்திருக்கிறது. நம் கரையில் அரிக்கமேட்டில் கிடைக்கும் மதுச்சாடி ஓடுகள் அதே வழியின் மறுமுனை. அந்த ஊர்ச் சந்தைக் கட்டடத்தின் தூண்களில் ஆள் உயரத்துக்கும் மேலே கடல் சிப்பிகள் துளைத்த வடு இருக்கிறது. நிலம் கடலுக்குள் தாழ்ந்து மீண்டும் எழுந்ததற்கு அதுவே சாட்சி. நேப்பிள்ஸ் பற்றி அலுவலகத்தில் வைத்திருக்கும் எந்தத் தாளிலும் இந்த ஊரின் பெயர் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து செல்கிற ஒருவருக்கு இதைவிட நெருக்கமான இடம் அந்தக் கரையில் வேறு இல்லை என்று உரிமையாளரிடம் சொன்னேன். அவர் எழுதி வைத்துக்கொண்டார்.

ஆவணம், விமானம், தங்குமிடம் ஆகியவற்றுக்கு இந்த அலுவலகத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தொலைபேசியை எடுக்கிறார்கள், தவறை ஒப்புக்கொள்கிறார்கள், வயதானவர்களிடம் பொறுமையாகப் பேசுகிறார்கள். வேலூரில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. நாள்வாரித் திட்டத்தை மட்டும் அவர்கள் எழுதித் தந்தபடி ஏற்காமல், ஒவ்வொரு இடத்தின் வார விடுமுறையையும் படிகளின் எண்ணிக்கையையும் நீங்களே ஒருமுறை பாருங்கள். நான் மறுமுறை போகும்போதும் அவர்களிடமேதான் போவேன். சான்செவேரோவுக்கான சீட்டை முதலில் நானே வாங்கிவிட்டு, அதில் உள்ள தேதியைக் காட்டி விமானச் சீட்டைப் போடச் சொல்வேன்.